மனோரமாவின் தகரத் தட்டுக் கடல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று ஆம்பூரில் என்னோடு வேலை பார்த்த எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஓட்டுக் கட்டடத்தில், ஜன்னலைத் திறந்தால் தோல் நாற்றம், மூடினால் புழுக்கம் என்ற நிலையில், ஒரு மந்தைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒன்றாம் வகுப்பு எடுத்துப் பார்த்தால் அவர்களுக்கும் வரும் கோபம். மனோரமா எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது அவள்மேல் எனக்கு முதலில் வந்ததும் அதுதான். அதற்குப் பிறகு வந்த மற்றதெல்லாம் போகப் போக வந்தது.

அவள் வந்தது எழுபத்தைந்தாம் வருஷம். வாஹித் பாஷா சாயபு என்று எங்கள் ஊரில் ஒரு தோல் தொழிற்சாலை முதலாளி இருந்தார். நல்ல மனுஷர். வியாபாரமாக எந்த ஊருக்கோ போன இடத்தில் மாண்டிசோரி வகுப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்பக்க அறையைச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்து, அந்த வகுப்பின் செலவு முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். மெட்ராஸில் அதற்கென்று பயிற்சி எடுத்தவள் என்று மனோரமாவைக் கூட்டிவந்தார்கள்.

கலவைப் பக்கத்துப் பெண் அவள். வாலாஜாபேட்டையில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கட்டினவனுக்கு ஏற்கெனவே வேறொரு குடித்தனம் இருந்தது இவளுக்குப் பிறகுதான் தெரிந்திருக்கிறது. திரும்பி வந்து அண்ணன் வீட்டில் இருந்தாள். அங்கே ஒரு வேளை சோற்றுக்கு இரண்டு வேளை பேச்சு கேட்க வேண்டும். அப்புறம் யாரோ புண்ணியவதி சொல்லி மெட்ராஸ் போய்ப் படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின் சந்தில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்தாள். அந்த வகுப்பும் அந்த அறையும்தான் அவளுக்கு உலகம். இதை அவளே என்னிடம் சொன்னாள், அழாமல், கொள்ளாமல்.

எனக்கு என்ன கோபம் என்றால், அவள் வகுப்பில் சத்தமே இருக்காது. மூன்று வயதுப் பிள்ளையிலிருந்து ஆறு வயது வரைக்கும் ஆளுக்கொரு பாயை விரித்துக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருக்கும். இவள் ஒரு மூலையில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இங்கே நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன், அங்கே ஒருத்தி சம்பளம் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாளே என்று எரியாதா?

ஒரு நாள் நேரே போய்க் கேட்டுவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே ஒரு மர உருண்டையை எடுத்து என் மடியில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொன்னாள். தச்சரிடம் கடைந்து வாங்கிய உருண்டை. நிலம் இருக்கும் இடமெல்லாம் உப்புத்தாள் ஒட்டியிருந்தது, சொரசொரவென்று. கடல் இருக்கும் இடமெல்லாம் நீல வார்னிஷ் பூசி வழவழவென்று இருந்தது. உலகத்தில் இவ்வளவு தண்ணீரா என்று எனக்குக் கை வழியாக அன்றைக்குத்தான் உறைத்தது. அத்தனை வருஷமாக நான் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், கொடுமை.

உருண்டையைத் தவிர தகரத் தட்டுகள் வைத்திருந்தாள். தட்டின் நடுவில் களிமண்ணைக் குவித்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றினால் தீவு. சுற்றிலும் களிமண் கட்டி நடுவில் தண்ணீர் ஊற்றினால் ஏரி. பிள்ளைகளே மண்ணைப் பிசைந்து, பிள்ளைகளே ஊற்றும். பெயரை இவள் கடைசியில்தான் சொல்வாள்.

இதிலே ஒரு கூத்து. ஆறு செய் என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் களிமண்ணில் நீளமாக வாய்க்கால் கீறிவிட்டு, அதில் மணலைக் கொட்டும். தண்ணீர் ஊற்றாது. பாலாறு அப்படித்தானே கிடக்கிறது! நான் பார்த்துவிட்டு, இதைத் திருத்த மாட்டாயா என்று கேட்டேன்.

"அதுங்க கண்ணால பாத்தது அதானே அக்கா. பாத்ததைத்தான் செஞ்சிருக்குதுங்க. அதைப் போய் தப்புன்னு நான் எப்படிச் சொல்றது?" என்றாள்.

அவள் வாயிலிருந்து எந்தப் பிள்ளையும் தப்பு என்ற வார்த்தையைக் கேட்டதில்லை. கண்ணையும் கையையும் நம்பு, மீதியெல்லாம் தானாக வரும் என்பாள். அதனால்தான் அவளிடமிருந்து என் வகுப்புக்கு ஏறி வந்த பிள்ளைகள் என் உயிரை வாங்கின. சுவரில் படத்தை மாட்டினால் எழுந்து வந்து தடவிப் பார்க்கும். டீச்சர், கடலும் சொரசொரன்னு இருக்குதே என்று கேட்கும். பேஜார் பிடித்த பிள்ளைகள் என்று திட்டுவேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனோரமா எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்து வாசலில் நின்று "அக்கா" என்று கூப்பிடும்போது தொண்டை கரகரவென்று இருக்கும். முதலில் சளி என்று நினைத்து மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வாரமும் அப்படியே இருக்கவே, உனக்கு என்ன ஓயாத சளி என்று அதட்டினேன். சளி இல்லையாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் போனதோடு வாயை மூடினால், என் வீட்டு வாசலில்தான் திறக்கிறாளாம். யாரோடு பேசுவது என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்ப்பதுபோல் உள்ளே போய்விட்டேன். என் வீட்டில் என்னடாவென்றால் மாமியார், வீட்டுக்காரர், மூன்று பிள்ளைகள், கொஞ்ச நேரம் வாயை மூடுங்கள் என்று நான் கெஞ்சிக்கொண்டிருப்பேன்.

மே மாசம் வந்தால் இன்னும் மோசம். வெயிலில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும். இவள் தினமும் வகுப்பறையைத் திறந்து, பாய்களை உதறி, தட்டுகளைத் தேய்த்து, உப்புத்தாள் தேய்ந்துபோன இடத்தில் புதிதாக ஒட்டி, மறுபடி பூட்டிவிட்டுப் போவாள். கலவைக்குப் போகக் கூடாதா என்று கேட்டால், போனால் அண்ணி பாயை எங்கே போடுவது என்று யோசிக்கிறாள் அக்கா என்பாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஷஹீன் பானு வந்து சேர்ந்தாள். அப்பன் சாயபுவின் தொழிற்சாலையில், தோல் ஊறுகிற பெரிய மர டிரம்மைச் சுற்றுகிற வேலை. அம்மா பீடி சுற்றி, சாயங்காலம் கடையில் கட்டுகளைக் கொடுத்துவிட்டு வருவதற்கு நேரமாகும். அதுவரைக்கும் பிள்ளை மனோரமாவோடு இருக்கும். அடேயப்பா, அது பேசுகிற பேச்சு! வழியில் பார்த்த கழுதை, அப்பா கையில் இருக்கிற கறை, பக்கத்து வீட்டுக் கோழி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பிக்கும். மனோரமா தலைவாரிப் பின்னிவிட்டுக்கொண்டே கேட்பாள். அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் ஷஹீன் கதை தவிர வேறு கதை இல்லை. பெற்றவள்கூட அப்படிப் பேச மாட்டாள். கரகரத்த தொண்டையோடுதான் பேசினாள், ஆனால் முகத்தில் ஒரு களை வந்திருந்தது.

எண்பத்தொன்றில் வகுப்புக்கு ஆபத்து வந்தது. தலைமையாசிரியர் சுப்பராயன் ரொம்ப நாளாக அந்த அறைமேல் கண் வைத்திருந்தார். ஏபிசிடி எழுதாமல் பிள்ளைகள் மண்ணிலும் தண்ணீரிலும் விளையாடுகின்றன என்று பெற்றோர்களில் சிலர் முணுமுணுத்ததும் அவருக்கு வசதியாகப் போயிற்று. சாயபுவிடம் போய், இந்த வகுப்பை மூடிவிட்டு இங்கிலீஷ் நர்சரி வைத்தால் கூட்டம் அள்ளும் என்று ஓதினார். சாயபு, பெற்றோர்களைக் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன், பிள்ளைகள் செய்து காட்டட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்.

மனோரமா பயந்து போனாள். வகுப்பு போனால் வேலை போகும். வேலை போனால் அண்ணன் வீடு. எனக்கு அந்த முக்காலியை விட்டால் உட்கார வேற இடம் இல்லை அக்கா என்று சொன்னாள். நான் சுப்பராயனை என் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

தட்டுகளில் நிலமும் நீரும் செய்து காட்டுவது என்று முடிவு செய்தாள். பள்ளிக்கூடத்துக் கிணறு உப்பாகிப் பல நாள் ஆகியிருந்தது. அதனால் தட்டுக்கு வேண்டிய தண்ணீரைப் பிள்ளைகளே வீட்டிலிருந்து சின்ன பாட்டிலில் கொண்டுவருவது அந்த வகுப்பின் வழக்கம். அன்றைக்கும் அப்படியே சொல்லியனுப்பினாள். கடலுக்கு நான் கொண்டாறேன் மிஸ் என்று ஷஹீன் துள்ளிக்கொண்டு சொல்லியிருக்கிறாள். நீயே பார்த்துப் பிடித்து எடுத்துக்கொண்டு வா என்று இவளும் சொல்லியிருக்கிறாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஊரில் இன்னொரு புகைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிடுவார்கள், கழிவுநீர் டிகாஷன் நிறத்தில் போகும். பட்டைக்குப் பதிலாகக் குரோம் உப்பு வந்த பிறகு தண்ணீர் நீலமாக மாறியது. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போகிறது என்று கீழண்டை நிலக்காரர்கள் கலெக்டர் வரைக்கும் மனு கொடுத்திருந்தார்கள். என் தொழிற்சாலைத் தண்ணீர் என் காம்பவுண்டைத் தாண்டுவதில்லை என்று சாயபு விசாரிக்க வந்தவர்களிடம் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு அறை நிறைய ஆட்கள். சாயபு முன்னால் நாற்காலியில், பக்கத்தில் சுப்பராயன், பின்னால் பெற்றோர்கள். வேடிக்கை பார்க்க நானும் கதவோரம் நின்றேன். பிள்ளைகள் பாய் விரித்து, தட்டு எடுத்து, மண் பிசைந்து, ஒரு சொட்டு கீழே சிந்தாமல் செய்ததைப் பார்த்து முணுமுணுத்தவர்களே முன்னால் நகர்ந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். சாயபு முகம் மலர்ந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

கடைசியில் ஷஹீன் வந்தாள். களிமண்ணில் அழகாக ஒரு தீவு செய்தாள். தண்ணீர் பிடித்து வந்த பழைய கிரைப் வாட்டர் பாட்டிலைத் திறந்து தீவைச் சுற்றி ஊற்றினாள். நல்ல நீலம். பச்சை கலந்த, பளபளவென்ற நீலம்.

அந்தப் பிள்ளை கடலைப் பார்த்ததில்லை. அது பார்த்த ஆறு மணல், குளம் சேறு. உருண்டையில் கடல் நீலம். அது வளர்ந்த தெருவில் நீலமாக ஓடுகிற தண்ணீர் ஒன்றுதான் உண்டு. ஆம்பூர்ப் பிள்ளை வேறு எதைக் கடல் என்று நினைக்கும்?

பின்னாலிருந்து செங்கல்வராயன், கீழண்டையில் நிலம் வைத்திருந்தவர், அவர் பையனும் அந்த வகுப்புதான், எழுந்து எட்டிப் பார்த்தார். "இது எங்கம்மா புடிச்ச?" என்று கேட்டார்.

"ரோட்டு வாய்க்கால்ல. எங்க அப்பா பேக்டரி தண்ணி. கடல் கலரு" என்றாள் ஷஹீன், சந்தோஷமாக.

சுப்பராயன் குதித்து எழுந்து, முதலாளியை அவமானப்படுத்தவே இதைச் செய்து வைத்திருக்கிறீர்களா என்று மனோரமாவைப் பிடித்துக்கொண்டார். சாயபு கையை உயர்த்தி அவரை உட்காரச் சொன்னார். அவர் முகம் வெளுத்திருந்தது. மனோரமாவைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார். "டீச்சரம்மா, நீங்க சொல்லுங்க. இது இன்னா தண்ணி?"

மனோரமா தட்டைப் பார்த்தாள். சாயபுவைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்க்கவில்லை.

"மைங்க. பேனா மையைக் கலந்து கொண்டாந்திருக்கா."

ஷஹீனுக்குப் புரியவில்லை. மிஸ்ஸுக்குத் தெரியாமல் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விளக்கிச் சொல்லியது. "மை இல்ல மிஸ். வாய்க்கால்ல நானே புடிச்சேன். நீங்கதானே பாத்துப் புடிச்சிக்கினு வான்னு சொன்னீங்க."

"மைதான், ஷஹீன்" என்றாள் மனோரமா.

சாயபு பெருமூச்சு விட்டார். குழந்தைகள் என்றால் இப்படித்தான் என்று சிரித்தார். பிறந்ததிலிருந்து தோலோடு புழங்குகிற மனுஷருக்குக் குரோம் தண்ணீருக்கும் மைக்கும் வித்தியாசம் தெரியாதா? தெரியும். அவருக்குத் தெரியும் என்று இவளுக்கும் தெரியும். ஆனால் டீச்சர் வாயால் வந்துவிட்டது, செங்கல்வராயன் உட்கார்ந்துவிட்டார். ஷஹீனின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பெரியவர்கள் முன்னால் பொய்யா சொல்கிறாய் என்று பிள்ளை முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளை அழவில்லை. மனோரமாவையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா மறுபடி கையை ஓங்கியபோது, மனோரமா ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி, வெளியே கொண்டுபோய்ச் சோப்புப் போட்டு அதன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மைக்கு யாராவது அப்படிக் கழுவுவார்களா?

வகுப்பு தொடரட்டும் என்று சாயபு அங்கேயே சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது நான்தான் பேச்சை எடுத்தேன். அந்தப் பிள்ளையின் அப்பன் வேலைக்கு வேட்டு வந்திருக்கும், அதற்காகத்தானே சொன்னாய், நல்லதுதான் செய்தாய் என்று சமாதானம் சொன்னேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அது வீட்டுக்குப் போனப்புறம் தோணிச்சு அக்கா. அந்த நேரத்துல எனக்கு என் கிளாஸ் மட்டும்தான் ஞாபகம் வந்துச்சு. நான் எங்க போவேன்னு மட்டும்தான்."

பொய்க்கு ஒரு நல்ல காரணத்தை நான் தட்டில் வைத்து நீட்டியும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. காபியை ஆற வைத்துவிட்டு எழுந்து போனாள். அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது, சுப்பராயன்மேல் வந்தது, சாயபுமேல் வந்தது. யாரை என்ன செய்ய?

வகுப்பு அப்புறமும் பல வருஷம் நடந்தது. சுப்பராயன் ஓய்வு பெற்றுப் போனார். எண்பத்தொன்பதில் சாயபு தவறிய பிறகு அவர் மகன்கள் அறையை நர்சரிக்குக் கொடுத்தார்கள். மனோரமா ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு விடுதியில் வார்டன் வேலைக்குப் போனாள். அத்தனை வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் அவளிடம் வந்து போயின. எதையும் அவள் சாயங்காலம் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை, எதற்கும் தலை பின்னிவிடவில்லை. இதெல்லாம் பின்னால். நான் சொல்ல நினைத்தது அந்த ஞாயிறுக்கு மறுநாள் நடந்தது.

மனசு கேட்காமல் மத்தியான இடைவேளையில் அவள் வகுப்புக்குப் போனேன். மற்றப் பிள்ளைகள் வெளியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஷஹீன் மட்டும் உள்ளே இருந்தாள். மனோரமா தரையில் அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். புதிதாகக் களிமண் பிசைந்து, அவளே ஒரு தீவு செய்து வைத்திருந்தாள். ஷஹீன் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தாள். பிள்ளை வாங்கி ஊற்றியது. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. முன்பானால் ஊற்றும்போதே ஆயிரம் கதை சொல்லியிருக்கும்.

"அன்னிக்கு நீ கொண்டாந்த தண்ணி வாய்க்கால் தண்ணிதான் கண்ணு. நீ சொன்னதுதான் சரி. மிஸ்தான் பொய் சொல்லிட்டேன்" என்றாள் மனோரமா. ஒரு பெரிய மனுஷி அந்த வயதுப் பிள்ளையிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பிள்ளை தலையாட்டியது. சரி மிஸ் என்றது.

மனோரமாவுக்கு அது போதவில்லை. தட்டை அதன் பக்கம் நகர்த்தினாள். உள்ளே வெறும் தண்ணீர், அடியில் தகரம் தெரிந்தது. "இப்ப பாத்துச் சொல்லு. இது இன்னா கலர்?"

ஷஹீன் தட்டைக் குனிந்து பார்க்கவில்லை. நிமிர்ந்து மனோரமாவின் முகத்தைப் பார்த்தது.

"நீங்க இன்னா கலர் சொல்றீங்களோ, அந்தக் கலர் மிஸ்."